காணாமல் போன பதினோரு சென்டிமீட்டர்

பலகையைச் சுவரில் சாய்க்கும் முன்
தரை மட்டமா என்று பார்க்க வேண்டும்.
இந்தச் செம்மண் மேட்டில் மட்டமான தரைக்கு எங்கே போவது?
தட்டைக் கல் ஒன்றைத் தேடிப் போடுவதற்குள்
ஜூலைக் குளிரில் விரல் மரத்துவிட்டது.

சியூரி ஏறி நின்றான்.
குதிகால் ஒட்டி, முழங்கால் நிமிர்த்தி,
தலைக்கட்டையை இறக்கினேன்.
எண்பத்தைந்து.

"வயசு?"
"போன தடவை ஆலங்கட்டி விழுந்து கூரை பெயர்ந்ததே,
அந்த வாரம் பிறந்தான்.
மூன்று முடிந்துவிட்டது" என்றாள் லாலாசுவா.

தொண்ணூற்றாறு இருந்திருக்கலாம்.

அவள் முகத்தில் கவலை இல்லை.
"எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் இதே உயரம்தானே."
வாஸ்தவம்.
எதிர்வீட்டு இரட்டையர், கிணற்றடிப் பெண்,
எல்லாரும் ஒரே அரிவாள் அறுத்த புல்.
ஒரு பிள்ளை குள்ளமென்றால் கண்ணில் படும்.
ஊரே குள்ளமென்றால்
அது ஊரின் அளவு.

மீதிப் பதினொன்று எங்கே போயிற்று?
என் படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.
நானாகத் தேடினேன்.

விடியும் முன்பே மாடு கறந்தாயிற்று.
தாஹிரியின் சைக்கிள் வந்தது,
இரண்டு கேனும் நிரம்பின,
மேட்டில் தள்ளி, இறக்கத்தில் மிதித்து
பால் ஆன்சிராபே போய்ச் சேர்ந்தது.
அங்கே அது பாலாடைக்கட்டி ஆகும்,
தலைநகரத்தில் யாரோ ரொட்டியில் வைத்துத் தின்பார்கள்.
பால் காசில் அரிசி வந்தது.
அரிசி அளக்க மூலையில் கபுவாகா,
விளிம்பு நெளிந்த பழைய கெட்டிப்பால் டின்.
பாலுக்கென்று செய்த டின்
பால் தங்காத வீட்டில்
சோற்றைத்தான் அளந்துகொண்டிருக்கிறது.

காலையில் சோறு. மதியம் சோறும் கீரைத் தண்ணீரும்.
இரவு சோறு.
அடிப்பிடித்த பானையில் நீர் விட்டுக் கொதித்தால் ரனுவூலா.
வூலா என்றால் வெள்ளி எங்களுக்கு, பணமும்தான்.
பையன் அதை மடக்மடக்கென்று குடிக்கிறான்.
வயிறு போதும் என்கிறது.
எலும்பை யாரும் கேட்பதில்லை.

கதவோரம் கூடையில் கேரட்டும் அவரையும்
சந்தைக்குப் போகக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன.
குளித்தது வாய்க்காலில்.
அதே வாய்க்கால்தான் குடிநீருக்கும்.
அதற்கு மேலே மாடுகள் இறங்குகின்றன.

"பேதி போனதுண்டா?"
"பல் முளைக்கும்போது போகத்தானே செய்யும்."
"எத்தனை தடவை?"
எண்ணியதில்லை என்று சிரித்தாள்.
கோழிக்குஞ்சு அவன் தட்டுக்குள் ஏறி
இரண்டு பருக்கை கொத்தி இறங்கியது.
அவன் அதே விரலை வாயில் வைத்தான்.

அவளுக்குப் பதினேழில் இவன்.
வலி எடுக்கும்வரை நாற்று நட்டிருக்கிறாள்,
நடவுக்கூலி நின்றால் அடுப்பு நிற்கும்.
பதினைந்தாம் நாள் மறுபடி வயல்.
முலை வயலிலும் பிள்ளை வீட்டிலுமாக
நாலாம் மாதமே கஞ்சித்தண்ணீர்.

"என்னையும் அள" என்றாள் திடீரென்று.
பலகை நூற்றிருபதோடு முடிகிறது.
சுவரில் கரிக்கோடு போட்டு நூல் பிடித்தேன்.
நூற்று நாற்பத்து நாலு.
"எனக்கு எத்தனை குறைகிறது?"
பெரியவர்களுக்கு என்னிடம் அட்டவணை இல்லை என்றேன்.
அது பாதி பொய்.
பயிற்சி முகாமில் என்னை அளந்தார்கள்,
அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை.
என் அம்மாவும் பால் விற்றவள்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
தினம் ஒரு குவளை பாலை வீட்டில் நிறுத்து, வாரம் இரண்டு முட்டை,
தண்ணீரைக் கொதிக்க வை.
அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்:
ஒரு குவளைக்கு இத்தனை கபுவாகா குறையும்,
கொதிக்க வைக்க இத்தனை விறகு.
கணக்கு சரியாக இருந்தது.
நான் தலைக்கட்டையைத் துணியில் துடைத்தேன்.

மூட்டை கட்டும்போது
சியூரி தானாகப் பலகையில் ஏறினான்.
இம்முறை வித்தை தெரிந்துவிட்டது அவனுக்கு,
குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்து.
எண்பத்தொன்பது.

இறங்கச் சொல்ல வேண்டும்.
சொன்னேன்,
கொஞ்சம் தாமதித்து.